ஒரே வீட்டில் இரண்டு படுக்கைகள்: பந்தலூரிலிருந்து ஒரு பராமரிப்பு அனுபவம்

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில், தேயிலைச் சரிவுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில், பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் அம்மாவும், பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ள என் தம்பியும் இருக்கிறார்கள். அம்மா 1970-களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். முதுகில் கூடையோடு கொழுந்து பறித்தே எங்களை வளர்த்தவர். அவர் விழுந்த பிறகு நான் பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசுப் பணத்தில் கிடைக்கும் நீண்டகாலப் பராமரிப்பைப் பற்றி, இரு தரப்பையும் ஒரே கூரையின் கீழ் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில், நான் தெரிந்துகொண்டதையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் கிடைப்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வருகிறது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் வரை இது 1,000 ரூபாயாக இருந்தது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசு தரும் பங்கு 80 வயதுக்குக் கீழே 200 ரூபாய், அதற்கு மேல் 500 ரூபாய். மீதியை மாநில அரசு ஏற்கிறது. தம்பிக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். இவற்றோடு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பில்லாமல் இதே அளவுக்கான காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வந்துவிடுகின்றன.

இவை எல்லாமே எங்களுக்குப் பயன்பட்டவை. எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாத்திரைக்காக அம்மாவைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியிருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும், இந்த உதவிகள் எதை அளந்து தரப்படுகின்றன என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் எங்கள் சிக்கலின் வேர் எனக்குப் புரிந்தது. முதியோர் உதவித்தொகை ஆதரவின்மையை அளக்கிறது. மாற்றுத்திறனாளி அட்டை உடற்குறையைச் சதவீதத்தில் அளக்கிறது. காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து வெளியேறும் நாள் வரை ஆகும் செலவை அளக்கிறது. ஆனால் அம்மாவை இரவில் புரட்டிப் படுக்க வைப்பதும், தம்பிக்கு ஒரு வேளைச் சோற்றை நிதானமாக ஊட்டி முடிப்பதும், ஈரமான துணியை மாற்றி உடம்பைத் துடைத்துவிடுவதும் எந்த அலுவலகத்தின் படிவத்திலும் இல்லை. எது கணக்கில் ஏறுகிறதோ அதற்குத்தான் பொதுப்பணம் வருகிறது. ஆகவே பராமரிப்பைக் கணக்கில் ஏற்றுவதே நம்மைப் போன்ற குடும்பங்களின் முதல் வேலை என்று நான் நம்புகிறேன்.

இதை எப்படிச் செய்வது என்பதற்கு வழிகாட்டியவர், எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் இயன்முறை மருத்துவர். சாப்பிடுவது, குளிப்பது, உடை உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது உள்ளிட்ட பத்து வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்று மதிப்பெண் போடும் பார்தெல் அளவுகோல் ஒன்று உண்டு. 1965-இல் வெளியான அது இன்றும் உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு அதைப் போட்டுப் பார்த்த அவர், “எண்ணிக்கை மட்டும் போதாதுங்க டீச்சர், ஒரு வாரத்துக்கு என்னென்ன செய்றீங்கன்னு நேரத்தோட எழுதி வைங்க” என்றார். அன்று வாங்கிய நோட்டு இன்றும் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது.

நோட்டில் நான்கு பத்திகள் போதும்: நேரம், வேலை, எத்தனை நிமிடம், செய்தவர் யார். வேலையை முடித்த கையோடு எழுத வேண்டும். இரவில் மொத்தமாக எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துவிடும், மறந்துபோவது பெரும்பாலும் இரவு வேலையாகவே இருக்கும். இருவர் சேர்ந்து செய்தால்தான் முடிகிற வேலை எது என்பதைத் தனியாகக் குறிக்க வேண்டும். கைவேலை எதுவும் இல்லாமல் வெறுமனே பக்கத்தில் இருந்தே ஆக வேண்டிய நேரத்தையும் விடக்கூடாது. தம்பிக்கு வலிப்பு வரும் என்பதால் அவனைத் தனியே விட்டு நான் தேயிலைக் காட்டுப் பக்கம்கூடப் போக முடியாது. அந்த நேரத்தில் நான் எதுவும் செய்யாதவள் போலத் தோன்றலாம், ஆனால் அதுவும் பராமரிப்புதான். புதிதாகத் தோன்றும் எதையும், அதாவது இடுப்பில் சிவப்பு, சிறுநீரின் நிறம், விழுங்கும்போது வரும் இருமல் ஆகியவற்றை, ஓரத்தில் குறித்து வையுங்கள். செவிலியர் வரும்போது வாயால் சொல்வதைவிடத் தேதியோடு காட்டுவது பல மடங்கு பயன் தருகிறது.

இப்படி நேரத்தை எழுதுவது ஏதோ நான் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. நீண்டகாலப் பராமரிப்புக்கு அரசே பொறுப்பேற்ற நாடுகள் இதன்மேல்தான் தங்கள் திட்டத்தைக் கட்டியிருக்கின்றன. ஜப்பானில் 1997-இல் சட்டமாகி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்பீட்டில், 40 வயது நிறைந்தவர்கள் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். செலவில் பாதி சந்தாவிலிருந்தும் பாதி வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. உதவி கேட்கும் முதியவரின் வீட்டுக்கு ஒருவர் நேரில் வந்து 74 கேள்விகளுக்குப் பதில் குறித்துக்கொண்டு போகிறார். அந்தப் பதில்களைக் கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை நிமிடப் பராமரிப்பு தேவைப்படும் என்று கணினி மதிப்பிடுகிறது. மருத்துவரின் குறிப்பையும் சேர்த்து ஒரு குழு ஏழு நிலைகளில் ஒன்றை முடிவு செய்கிறது. மதிப்பீடு 110 நிமிடத்தைத் தொட்டாலே மிக உயர்ந்த நிலை. வீட்டில் உண்மையில் ஆகும் நேரம் அதைவிட மிக அதிகம். அது ஒருவரையொருவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவு மட்டுமே என்பதை ஆய்வாளர்களே விளக்குகிறார்கள். அங்கே கையில் பணம் தருவதில்லை; ஆள் வருகிறார், பகல்நேர மையத்துக்கு வண்டி வருகிறது.

ஜெர்மனி 1995-இல் தொடங்கிய காப்பீட்டிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் இன்னும் நெருக்கமானது. அங்கே தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சராசரியாகத் தொண்ணூறு நிமிடம் தேவைப்பட்டால் முதல் நிலை, மூன்று மணி நேரம் என்றால் இரண்டாம் நிலை, ஐந்து மணி நேரம் என்றால் மூன்றாம் நிலை என்று வைத்திருந்தார்கள். கணக்கு தெளிவாக இருந்தாலும், மறதிநோய் வந்தவர்கள் அதற்குள் சரியாக அடங்கவில்லை. குளிக்கவும் உண்ணவும் அவர்களின் உடம்பில் பலம் இருக்கிறது. ஆனால் அடுப்பைத் திறந்துவிடுவார்கள், இரவில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார்கள், ஆகவே நாள் முழுவதும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு 2017-இல் நிமிடக் கணக்கைக் கைவிட்டு, நடமாட்டம், அறிவும் பேச்சும், நடத்தை, தன் வேலையைத் தானே செய்துகொள்ளுதல், மருந்தும் சிகிச்சையும், அன்றாட வாழ்வும் உறவுகளும் என ஆறு பகுதிகளில் ஒருவர் எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறார் என்று பார்த்து, ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். உடன் இருக்கும் நேரத்தையும் எழுதச் சொல்லி நான் வலியுறுத்துவது இதனால்தான். குடும்பத்தாரே பார்த்துக்கொண்டால் அவர்களுக்குப் பணமும் தந்து, அவர்களின் ஓய்வூதியத்துக்கான சந்தாவையும் காப்பீடே கட்டும் ஏற்பாடு அங்கே உண்டு. வேலையை விட்டதால் வருங்கால வைப்புநிதியும் நின்றுபோன எனக்கு, அந்த வரியைப் படித்தபோது மனம் கனத்தது.

நம் நாட்டிலும் ஆய்வு இல்லாமல் இல்லை. 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானோரிடம் 2017-18-இல் எடுக்கப்பட்டு 2021 ஜனவரியில் அறிக்கை வெளியான ‘லாசி’ எனும் தேசிய முதுமை ஆய்வின்படி, அறுபது வயது கடந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடுத்துவது, குளிப்பது, எழுந்து நடப்பது போன்ற அடிப்படை வேலைகளில் ஒன்றிலாவது சிரமப்படுகிறார். 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டாரைக் கவனிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிடுவதாகக் காட்டியது. இதில் குழந்தை வளர்ப்பும் சேர்ந்திருக்கிறது. நாடு தழுவிய எண்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு, இந்த வீட்டுக்கு இத்தனை மணி நேரத்துக்கு ஓர் ஆள் என்று முடிவு செய்யும் ஏற்பாடு மட்டும் இன்னும் இல்லை.

சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அன்றாட வேலைகளுக்குத் தீவிரமான துணை தேவைப்படுவோரை ‘உயர் ஆதரவு தேவைப்படுவோர்’ என்று தனியாக வகைப்படுத்துகிறது. அவர்களின் பராமரிப்பாளருக்கான படியை 24-ஆம் பிரிவு சொல்கிறது. உயர் ஆதரவு கேட்டு விண்ணப்பிக்கவும், மதிப்பீட்டுக் குழு அதை ஆராயவும் 38-ஆம் பிரிவு வழி செய்கிறது. தமிழ்நாட்டில் இந்த வகையினரின் உதவியாளருக்கென மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தம்பிக்கு விண்ணப்பித்தபோது, அவனுடைய தனித்துவ அடையாள அட்டையில் உள்ள சதவீதத்தை மட்டும் எழுதாமல், நோட்டின் ஒரு வாரப் பக்கங்களை நகலெடுத்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் கையொப்பத்தோடு இணைத்தேன். அதற்கு முன்பு வேறோர் அலுவலகத்தில் ஓர் அலுவலர் தம்பியைப் பார்க்காமலே, “வீட்டில்தான் ஆள் இருக்கிறதே” என்று மனுவைத் திருப்பித் தந்திருந்தார். இந்த முறை மனுவைப் பெற்றவர் பக்கங்களைப் புரட்டிப் படித்தார். இரவு நேரத்துக்கு நேராக இருந்த பதிவுகளைப் பற்றிக் கேட்டார். படித்துவிட்டுக் கேட்கப்படும் கேள்வி எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, அலுவலக வராந்தாவில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

மாவட்ட அலுவலகங்கள் உதகமண்டலத்தில் இருக்கின்றன. பந்தலூர்ப் பகுதியிலிருந்து கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக எழுபது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை; படுத்திருப்பவரை அழைத்துக்கொண்டு போய்வருவது அவரது உடம்பைக் கெடுத்துவிடும். ஆகவே ஒரே பயணத்தில் முடியக்கூடியதை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். ஆதார், குடும்ப அட்டை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், நோட்டின் நகல் ஆகியவை இரண்டு படிகளாக ஒரே கோப்பில் இருக்கட்டும். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவைப் பின்னர் 1100 என்ற எண்ணில் தொடர முடிகிறது. முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மலையில் இருப்பதால் மட்டும் வரும் சிரமங்களைத் திட்டம் தீட்டுபவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். முகாமில் கொடுக்கும் சக்கர நாற்காலி சமதரைக்காகச் செய்யப்பட்டது. எங்கள் வாசலிலிருந்து சாலைக்குப் போக வழி முழுக்கப் படிக்கட்டுதான். ஊர்ப் பிள்ளைகள் நால்வர் நாற்காலியோடு தூக்கினால்தான் தம்பி வெயிலைப் பார்க்கிறான். சரிவில் நாற்காலியை இறக்கும்போது, தள்ளுபவர் முன்னால் இறங்கி, உட்கார்ந்திருப்பவரின் முதுகு இறக்கத்தை நோக்கி இருக்குமாறு பின்பக்கமாகவே இறக்க வேண்டும். முகம் இறக்கத்தைப் பார்த்திருந்தால் ஆள் முன்னே சரிந்துவிடுவார். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தேவாலா, பந்தலூர்ப் பக்கத்தில் துணி காயாது. காயாத துணியைப் போட்டால் தோல் ஊறிப் புண்ணாகும் என்பதால், அடுப்புக்கு மேலே கொடி கட்டி, பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்று மெத்தை மின்சாரத்தில் ஓடுகிறது. மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் காற்று இறங்கி ஆள் கட்டில் பலகையில் படுத்ததுபோல் ஆகிவிடுவார். அதற்குக் கீழே ஒரு கனமான நுரை மெத்தை கட்டாயம் வேண்டும். எந்த மெத்தையாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதற்கு மாற்று இல்லை.

பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். நாற்காலியைப் பலமுள்ள பக்கத்தில் போட்டு, அந்தக் காலை ஊன்றி மாறச் சொன்னால் அவரே பாதி வேலையைச் செய்துவிடுவார். ஊட்டும்போது நன்றாக நிமிர்ந்து உட்கார வைத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள்.

எல்லைக்கு அப்பால் வயநாட்டில், சுல்தான் பத்தேரிப் பக்கம் என் சித்தி வீடு இருக்கிறது. சித்தப்பா படுக்கையில் இருந்தபோது, பஞ்சாயத்து அனுப்பிய செவிலியர் முறை வைத்து வந்து சிறுநீர்க் குழாயை மாற்றிக் கொடுத்தார். அவரோடு அதே ஊர்த் தன்னார்வலர்களும் வந்தார்கள். 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறிய வலி நிவாரண மையமாகத் தொடங்கிய முயற்சி மலப்புறம் கிராமங்களில் ஊர்மக்களின் இயக்கமாகப் பரவியதும், 2008-இல் கேரள அரசு அதற்கென்று கொள்கை வகுத்து உள்ளாட்சிகளின் திட்ட நிதியோடு இணைத்ததும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்று மாதம் 600 ரூபாய் கொடுக்கும் திட்டமும் அங்கே உண்டு, தொகை சிறியது. நம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஓர் ஒன்றியத்துக்கு ஒரு நோய் ஆதரவுச் செவிலியரும் ஓர் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். எங்களிடம் வருபவர்கள் மிகுந்த அன்போடு வேலை செய்கிறார்கள். ஆனால் மசினகுடி முதல் சேரங்கோடு வரை விரிந்த கூடலூர் ஒன்றியத்தை ஒருவர் எப்படிச் சுற்றி முடிப்பார்? மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதில் தமிழ்நாடு செய்திருப்பது பெரிய சாதனை. படுத்திருப்பவரைத் தொட்டுக் கவனிப்பதில், ஊராட்சியின் பொறுப்பாக அதை ஆக்கிய கேரளத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கலாம். உங்கள் ஊராட்சியில் படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற பட்டியலோடு வைத்தால் யாரும் தள்ளிவிட முடியாது.

பணத்தைவிட எனக்கு அதிகம் தேவைப்படுவது மாற்று ஆள். எனக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பேருக்கும் சோறு இல்லை என்ற நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. இதற்கு எங்கள் மலையிலேயே இடம் இருக்கிறது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அம்மா இன்றும் அதைப் பிள்ளை மடுவம் என்றுதான் சொல்வார். தோட்டங்களில் இன்று குழந்தைகள் குறைந்துவிட்டார்கள், வயதானவர்கள் கூடிவிட்டார்கள். 2001-இல் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 7,35,394 ஆகக் குறைந்தது. இளையவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போகிறார்கள். பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் காப்பகக் கட்டடங்களை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பகல்நேர மையங்களாக மாற்றி, மகளிர் குழுப் பெண்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்து நடத்தினால், வெளியூரிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு பகல் கிடைத்தால் என்னைப் போன்றவர்கள் பாதி வேலைக்காவது திரும்பிவிடுவோம்.

தம்பியைப் பற்றி ஒரு காரியத்தை மட்டும் தள்ளிப்போடாமல் செய்து வைத்தேன். பதினெட்டு வயது கடந்த பிறகு பெற்றோர்கூடத் தாமாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. மூளை முடக்குவாதம், புற உலகச் சிந்தனையின்மை (ஆட்டிசம்), அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் பாதுகாவலரை நியமிக்கிறது. அதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும்கூட அதில் இடம் உண்டு. பாதுகாவலராக என் பெயரை எழுதிக் கொடுத்ததோடு, எனக்குப் பிறகு பொறுப்பேற்கச் சம்மதித்த என் சித்தி மகளிடம் நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கி எல்லா வேலைகளையும் அவளே செய்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவள் செய்தாள், நான் எழுதியிருந்த நிமிடங்களுக்குப் பக்கத்தில் தனக்கு ஆன நிமிடங்களையும் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.